யோகம் டீச்சர் தேடிய இத்தாலிக் கடை

மழை வருமென்று முற்றத்தில் காயப்போட்டிருந்த மிளகை அள்ளிக்கொண்டிருந்தேன். மாத்தளையிலிருந்து பல்லேபொலைக்கு வருகிற காலை பஸ் எங்கள் கேற்றடியில் நிற்பதில்லை. அன்றைக்கு நின்றது. கண்டக்டர் மிதிபலகையில் நின்றபடியே, யோகம் டீச்சர் விடியற்காலையில் போய்விட்டார் என்று சிங்களத்தில் சொன்னார். நான் சரி என்றேன். எதற்குச் சரி என்று சொன்னேனோ தெரியவில்லை. பஸ் போன பிறகும் மிளகைத்தான் அள்ளினேன். குவித்துச் சாக்கால் மூடி, சாக்கின்மேல் கல்லும் தூக்கி வைத்தேன். பிறகுதான் அந்தக் கல்லுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.

அவரிடம் படித்தவர்கள் இந்த மாவட்டம் முழுக்க இருக்கிறீர்கள். நாவுலையில் கடை வைத்திருக்கிறீர்கள், பல்லேகமையில் படிப்பிக்கிறீர்கள், அரசாங்கக் கச்சேரியில் கதிரை தேய்க்கிறீர்கள். செத்தவீட்டில் ஆளுக்கு ஆள் ஒன்றையே சொன்னீர்கள்: கண்டிப்பானவர், சைவப்பழம், மணி அடிப்பதற்கு முன்னால் வகுப்பில் நிற்பவர். எல்லாம் உண்மைதான். நானும் தலையாட்டினேன். ஆனால் அதே யோகம் டீச்சர் கொழும்புத் துறைமுகத்தில் இத்தாலிக் கப்பல்காரர்களுக்குப் பின்னால் தெருத்தெருவாக நடந்தவர் என்பது உங்களில் ஒருவருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். குடை பிடித்துக்கொண்டு நானும் கூட நடந்தேன்.

நாங்கள் இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தோம். அவர் பூமிசாத்திரம், நான் கீழ்வகுப்புகளுக்குத் தமிழ். அவருக்கு ஊர் யாழ்ப்பாணம். நான் மாத்தளை டவுனில் பிறந்து வளர்ந்த முஸ்லிம் வீட்டுப் பெண். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். நான் அக்கா என்பேன், அவர் என்னைப் பிள்ளை என்பார். கச்சேரியில் உத்தியோகம் பார்த்த கணவரோடு இங்கே வந்தவர், கணவர் மாரடைப்பில் போன பிறகும் ஊருக்குத் திரும்பவில்லை. கோயில் வீதிப் பக்கம் ஒரு சின்ன வாடகை வீடு, முற்றத்தில் துளசி மாடம், ஒரே பிள்ளை குகன்.

அந்தக் குகன் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுக் கப்பலில் இயந்திர வேலைக்குப் போனான். போனவன் ஜெனோவா என்கிற இத்தாலித் துறைமுகத்தில் இறங்கி, அங்கேயே ஒரு பட்டறையில் சேர்ந்து, லூச்சியா என்ற பெண்ணையும் கட்டிக்கொண்டான். டீச்சர் கொஞ்சக் காலம் அதைப்பற்றி ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. இத்தாலியில் விளைவன ஒலிவும் திராட்சையும், கிடைப்பது பளிங்கு என்று வருஷா வருஷம் நின்றபடி நடத்திய பாடத்தை மட்டும், மகன் போன பிறகு உட்கார்ந்துகொண்டு நடத்தினார். பிள்ளைகள் டீச்சருக்குக் கால்வலி என்று நினைத்தார்கள்.

குகன் ஒரே ஒரு முறை வந்தான். பட்டறை அவனைப் பழுது பார்க்க அனுப்பிய கப்பல் கொழும்பில் நின்றபோது கிடைத்த லீவு. முதல் நாள் தாய் கொட்டிய புட்டையும் கத்தரிக்காய்க் குழம்பையும் தலை நிமிராமல், ஒரு சொல்லும் பேசாமல் தின்றான் என்று மறுநாள் பள்ளிக்கூடத்தில் எனக்குச் சொன்னபோது டீச்சருக்கு முகமெல்லாம் சிரிப்பு. அந்த ஞாயிற்றுக்கிழமை அவனைப் பார்க்க நானும் போயிருந்தேன். நான் போன நேரம் அவன் சமையலறை வாசலில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றான்.

"அம்மா, இண்டைக்கு நீங்கள் இருங்கோ. நான் சமைக்கிறன். ஞாயிற்றுக்கிழமையில லூச்சியா செய்யிற சாப்பாடு. பச்சை நிறமா இருக்கும், பார்த்திட்டுப் பயப்பிடாதையுங்கோ."

அதற்கு ஏதோ ஓர் இலையை அரைக்க வேண்டுமாம். அந்த இலை இங்கே இல்லை, ஆனால் வாசத்தில் கிட்டத்தட்ட இதுபோலத்தான் என்று முற்றத்துக்கு இறங்கித் துளசியில் கை வைத்துவிட்டான். நாளும் பொழுதும் விளக்கேற்றிச் சுற்றிக் கும்பிடுகிற துளசி. கப்பலில் போய் அந்தப் பிள்ளைக்கு அது மறந்துபோயிருந்தது, அவ்வளவுதான்.

"கையை எடு" என்றார் டீச்சர். "துளசியை அரைச்சுத் தின்னுற ஊரிலயோ நீ இருக்கிறாய்? என்ர அடுப்பில அதெல்லாம் வைக்கேலாது."

குகன் கோபிக்கவில்லை. சிரித்துக்கொண்டே கையை எடுத்தான். அடுத்த முறை வரும்போது இலையைக் கையோடு கொண்டு வருகிறேன், அப்போது அடுப்பைத் தாருங்கள் என்றான். அன்றைக்கும் புட்டுத்தான். நானும் இருந்து சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

அடுத்த முறை என்று ஒன்று இருக்கவில்லை. வருஷம் திரும்புவதற்குள் பட்டறையில் இரும்பு சரிந்து விழுந்து குகன் போய்விட்டான். தந்தி வந்தது. உடலை அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். தாய்க்குக் கடைசியாக முகம் பார்க்கவும் கொடுத்துவைக்கவில்லை. செத்தவீடு என்று போனவர்கள், பார்க்க ஒன்றுமில்லாத கூடத்தில் பாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். டீச்சர் அழவில்லை என்று ஊரில் சிலர் குறை சொன்னார்கள். அவர் எனக்கு முன்னால் அழுதார். எங்கே, எப்படி என்று நான் எழுதப்போவதில்லை.

முதலாவது திவசம் நெருங்கியபோதுதான் இந்தக் கதை தொடங்கியது. அவர்களுடைய வழக்கத்தில் திவசத்தன்று இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து இலையில் படைப்பார்கள். அதில் ஒரு பங்கைக் காகத்துக்கு வைப்பார்கள். காகம் எடுத்தால் போனவர் வந்து ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம். எடுத்த பிறகுதான் வீட்டார் வாயில் ஏதும் வைக்கலாம். டீச்சர் புட்டு, குழம்பு, வடை என்று சொல்லிக்கொண்டே வந்தவர், திடீரென்று நிறுத்திவிட்டார்.

"வீட்டை விட்டுப் போகேக்க இருந்த வாய்தான் அவனுக்கு இப்பவும் இருக்குமோ, பிள்ளை? கலியாணம் முடிச்ச நாளிலயிருந்து ஞாயிறு ஞாயிறா அதைத்தானே ஆசையாத் திண்டிருக்கிறான். அதை வைக்காமல் அவனை என்னெண்டு கூப்பிடுறது?"

மருமகளுக்கு எழுதிக் கேட்கலாமே, கோயிலுக்குப் பக்கத்துச் சேர்ச்சில் இருக்கிற பாதிரியார் இத்தாலி பாஷையில் எழுதித் தருவாரே என்றேன்.

"என்னெண்டு எழுதுறது? உன்ர புருஷன் எனக்குச் சமைச்சுத் தர வந்தவன், நான் அடுப்பை விடேல்லை, இப்ப அந்தச் சாப்பாட்டைச் சொல்லித் தா எண்டோ?"

லூச்சியாவுக்குக் கடிதம் போகவில்லை.

என் கணவர் மிளகும் கொக்கோவும் வாங்கிக் கொழும்புக்கு அனுப்புகிறவர். லீவு நாட்களில் அவர் அங்கே புறக்கோட்டைக்குப் போகும்போது நாங்கள் இருவரும் ரயிலில் கூடவே போவோம். அவர் மூட்டைகளைப் பார்க்கப் போய்விடுவார், நாங்கள் இத்தாலிச் சாப்பாட்டுக் கடை தேடுவோம். அவ்வளவு பெரிய பட்டணத்தில் நாலைந்து இருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் போனோம். மாத்தளையில் இருந்துகொண்டு நினைத்தால் கொழும்பில் எல்லாம் இருக்கும்.

முதலில் காலிமுகத்திடல் பக்கம் ஒரு பெரிய ஹோட்டல். கம்பளத்தில் கால் வைக்கவே கூசியது. வெள்ளை உடுப்புப் போட்ட பரிமாறுகிறவர் ஒரு பீங்கானில் இடியப்பத்தின் தடித்த அண்ணன் மாதிரி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். மேலே சிவப்பாகத் தக்காளிச் சாறு. டீச்சர் அதைப் பார்த்துவிட்டு, பச்சையாக ஒன்று இருக்குமாமே என்று இங்கிலீஷில் மரியாதையாகக் கேட்டார். இருக்கிறது என்று உள்ளே போனவர், அவித்த பட்டாணியைக் கொண்டுவந்து வைத்தார். கொள்ளுப்பிட்டியில் ஒரு பறங்கி அம்மா நடத்திய கடையில் அதே சாப்பாட்டுக்கு மிளகாய்த்தூள் போட்டிருந்தார்கள். இங்கத்தைய ஆட்களுக்கு அப்படிப் போட்டால்தான் இறங்குகிறது என்றார் அந்த அம்மா. கோட்டையில் இத்தாலி என்று போர்டு போட்ட கடைக்குள் ஐஸ்கிரீம் மட்டும்தான் இருந்தது. எனக்கு எந்தக் கடையிலும் பிளேன்டீதான். பன்றி எதில் கலந்திருக்குமோ என்று ஒரு வாயும் தொடமாட்டேன். டீச்சர் மட்டும் ஒவ்வொரு கடையிலும் உட்கார்ந்து, மரக்கறியாய் இருப்பதைக் கேட்டு வாங்கி, கடைசிவரை சாப்பிட்டார். ஒரு தடவைகூட மிச்சம் வைக்கவில்லை.

திவசம் வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் பெரிய ஹோட்டலின் சிவப்புச் சாப்பாட்டையே கேரியரில் போட்டுக் கொண்டுவந்தார். மாத்தளை ஸ்டேஷனில் இறங்கும்போதே அது ஒன்றோடொன்று ஒட்டிக் களியாகியிருந்தது. மறுநாள் மதிலில் இலை வைத்தார். காகம் வந்தது, வடையைக் கொத்தியது, போய்விட்டது. இன்னொன்று வந்தது, அதுவும் வடைதான். டீச்சர் பொழுதுபடும்வரை பச்சைத்தண்ணீர் குடிக்காமல் மதிலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்குக் கோபம் வந்தது. எனக்கு மனம் நொந்தால் கோபமாகத்தான் வரும். "காகத்துக்கு இத்தாலி தெரியுமா அக்கா? வடை எடுத்ததே போதும், நீங்க சாப்பிடுங்க" என்றேன்.

"காகத்துக்குத் தெரியாது, பிள்ளை. வாறவனுக்குத் தெரியும்."

அன்றிரவு அவர் ஒன்றும் சாப்பிடவில்லை என்று பிறகு அறிந்தேன்.

அதன் பிறகு கடை தேடுகிற முறையை மாற்றினார். வாயில் ஒருநாளும் வைத்துப் பார்க்காத சாப்பாட்டில் நல்லது எது கெட்டது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று நான் கேட்டதற்கு, அவர் எடுத்துச் சொன்னது மாத்தளைக் கதை. அவர் இங்கே வந்த புதிதில் நல்ல யாழ்ப்பாணச் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று போர்டைப் பார்த்தா கண்டுபிடித்தார்? கச்சேரியில் வேலை பார்த்த யாழ்ப்பாணத்துக் கிளாக்கர்மார் மத்தியானத்தில் எந்தச் சந்துக்குள் நுழைகிறார்கள் என்று பார்த்துப் பின்னால் போனார். அங்கே எல்லாரும் பேசாமல் சாப்பிட்டார்களாம். "வீட்டை விட்டு வந்தவன் எங்கை போய் வாய் பேசாமல் சாப்பிடுறானோ, அதுதான் நல்ல கடை" என்றார். இத்தாலிக்காரனும் மனுஷன்தானே என்பது அவருடைய கணக்கு.

இத்தாலிக் கப்பல் வந்து நிற்கிற நாட்களைப் புறக்கோட்டை மிளகுக் கடைக்காரர்களிடம் விசாரித்துச் சொல்வது என் கணவரின் வேலையாயிற்று. "நீங்க ரெண்டு பேரும் கப்பல்காரன்ட பின்னால போறதுக்கு நான் மிளகு விக்கணுமா?" என்று கேலி செய்வார். செய்துவிட்டு, விசாரித்தும் வருவார். துறைமுக வாசலில் நாங்கள் நிற்போம். ஒருத்தி விபூதியோடு, ஒருத்தி முக்காட்டோடு, ஆளுக்கொரு குடை. முதல் கூட்டத்தின் பின்னால் போய் ஒரு சாராயக் கடை வாசலில் நின்றுவிட்டோம். உள்ளே இருந்து ஒருவன் எங்களைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினான். டீச்சர் வகுப்பில் பார்ப்பது மாதிரி ஒரு பார்வை பார்த்தார். அவன் தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டான். இதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது, சிரிப்போடு மற்றதும் வருகிறது.

அந்த வருஷத்திலேயே இன்னொரு கப்பல். இந்த முறை ஆறேழு பேர், வயதானவர்களும் இருந்தார்கள். கொம்பனித்தெருப் பக்கம் ஒரு தையல்கடைக்குப் பக்கத்தில் மரப்படி ஏறினார்கள். நாங்களும் ஏறினோம். மேலே நாலைந்து மேசை. போர்டு இல்லை. சிகரெட் புகை, சத்தம், சிரிப்பு. எங்களைக் கண்டதும் ஓரத்தில் ஒரு மேசையைத் துடைத்துக் கொடுத்தார் கடைக்காரர். தாமஸ் என்று பெயர். கொச்சிக்காரர், இத்தாலிக் கப்பலில் சமையல் வேலை பார்த்துக் காலில் அடிபட்டுக் கொழும்பில் தங்கிப்போனவர். கப்பல்காரர்களுக்குப் பீங்கான்கள் வந்தன. கொஞ்ச நேரத்தில் டீச்சர் என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"பிள்ளை, சத்தம் நிண்டிட்டுது."

நிமிர்ந்து பார்த்தேன். ஒருவரும் பேசவில்லை. நரைத்த தாடிக்காரர் ஒருவர் பாண் ரொட்டித் துண்டால் பீங்கானை வழித்து வாயில் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். வழித்த பாண் பச்சையாக இருந்தது.

அது வருகிறவர்களுக்கெல்லாம் கொடுக்கிற சாப்பாடு இல்லை, ஜெனோவாக்காரன் வந்தால் மட்டும் அரைப்பது என்றார் தாமஸ். என் மகனும் ஜெனோவாக்காரன்தான் என்றார் டீச்சர். தாமஸ் உள்ளே போய்ச் செய்துகொண்டு வந்தார். தடித்த இடியப்பம், அதோடு உருளைக்கிழங்கும் போஞ்சிக்காயும் அவித்துப் போட்டு, எல்லாவற்றிலும் பச்சைச் சாந்து பிரட்டியிருந்தது. டீச்சர் முள்ளுக்கரண்டியைத் தள்ளி வைத்துவிட்டுக் கையால் சாப்பிட்டார். தலை நிமிரவில்லை. பேசவில்லை.

படியால் இறங்கும்போது பாதியில் ஒரு பிஸ்கட் தகரத்தில் அந்தச் செடி இருந்தது. துளசிக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி மாதிரி ஒரு செடி. நோன்பு காலத்தில் சர்பத்தில் ஊறப்போட்டு, நாங்கள் கசகசா என்று சொல்கிற கறுப்பு விதை இந்தச் செடியினுடையதுதான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. டீச்சர் ஓர் இலையைத் தொட்டு விரலை முகர்ந்தார். பிறகு அந்த அழுக்குப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சலவை வேட்டிபோல் வெளுத்த சேலையோடு பள்ளிக்கூட வாங்கில்கூடத் தூசி தட்டாமல் உட்காராத மனுஷி.

"எனக்குப் பிடிக்கேல்லை, பிள்ளை" என்றார். "அந்தப் பால்கட்டி மணமும் எண்ணெயும். எனக்கு ஒத்துவரேல்லை." விரலை இன்னொரு தடவை முகர்ந்தார். "அவன் சமைச்சுத் தந்திருந்தால் பிடிச்சிருக்கும்."

நான் பக்கத்துப் படியில் உட்கார்ந்தேன். தையல்கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

அந்த வருஷத் திவசத்துக்குத் தாமஸ் எல்லாவற்றையும் தனித்தனியாகக் கட்டிக் கொடுத்தார். சாந்தில் உள்ளிப்பூண்டு இருக்கிறது, படையலுக்கு ஆகாது என்பார்களே, எடுத்துவிடட்டுமா என்று கேட்டார். சைவ வீட்டில் திவசத்துக்கு உள்ளி அடுப்படிக்கே வரக்கூடாது. டீச்சர் யோசிக்கவேயில்லை. "உள்ளி இல்லாட்டில் அது அவன்ர சாப்பாடில்லை. போடுங்கோ" என்றார். ஐயரிடம் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. அவருடைய உறவினர்கள் இதைப் படித்து மனம் நோகவேண்டாம். அவர் சைவம் தவறியவர் அல்ல. மகனுக்காக வருஷத்தில் ஒரே ஒரு நாள், அதுவும் அவன் இலையில் மட்டும்.

மதிலில் இலை வைத்துக் கூப்பிட்டார். நான் வேலிக்கு இந்தப் பக்கம் பலாமரத்தடியில் நின்றேன். போனவர்கள் காகமாக வருவார்கள் என்று எங்கள் மார்க்கத்தில் இல்லை. நான் நம்புகிறவளும் இல்லை. ஆனால் அன்றைக்கு நான் இரண்டு கையையும் ஏந்தி, யா அல்லாஹ், இந்தக் காகம் எடுக்கட்டும் என்று துஆ கேட்டேன். இதைக் கேட்டு யாராவது என்னைக் கோபித்தால் கோபிக்கட்டும். காகம் வந்தது. வடையைப் பார்த்தது, ஒதுக்கியது. பச்சையில் ஒரு வாய் கவ்விக்கொண்டு கூரைக்குப் போய், திரும்பவும் வந்தது.

"எடுத்திட்டான்" என்றார் டீச்சர். எடுத்தது என்று சொல்லவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு யாழ்ப்பாணத்துக்கு வந்துவிடும்படி தங்கை எவ்வளவோ கூப்பிட்டும் அவர் போகாததற்கு, மாத்தளைக் குளிர் பழகிவிட்டது என்று உங்களிடம் காரணம் சொல்லியிருப்பார். அது பொய். குகன் ஓடித்திரிந்தது இந்த முற்றத்தில். அவனுக்கு வழி தெரிந்தது இந்த மதிலுக்கு. யாழ்ப்பாணத்துக் காகத்துக்கு அவனைத் தெரியாது என்று என்னிடம் சொன்னார்.

பிறகு வருஷா வருஷம் தாமஸின் கடைதான். சாமான்கள் வெளிநாட்டிலிருந்து வருவது நின்ற காலம் வந்தது. ஒலிவ் எண்ணெய் இல்லை, பால்கட்டி இல்லை, கோதுமை மாவுக்குக்கூட வரிசை. இத்தாலிக் கப்பல்களும் குறைந்தன. நாங்கள் கடைசியாகப் போனபோது தாமஸ் மேசைகளை விற்றுவிட்டிருந்தார், கொச்சிக்குத் திரும்பப் போகிறாராம். சமையல் ஒன்றும் தரமுடியாது என்று பிஸ்கட் தகரத்தைச் செடியோடு தூக்கிக் கொடுத்தார். அதை எப்படி அரைப்பது என்று சொல்லியும் கொடுத்தார். டீச்சர் அதை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் வந்தார். கொண்டுவந்து துளசிக்குப் பக்கத்தில் நட்டார். அதிலிருந்து ஒரு கிளை எனக்கு, பல்லேபொலைக்கு.

போன வருஷத் திவசத்துக்கு அவருக்குக் கால் வீங்கியிருந்தது. மூச்சு வாங்கியது. நான் செய்கிறேன் என்றேன், விடவில்லை. கூப்பனுக்குக் கிடைத்த கோதுமை மாவைப் பிசைந்து இடியப்ப உரலில் பிழிந்து, கொதிதண்ணீரில் போட்டு எடுத்தார். போஞ்சியும் உருளைக்கிழங்கும் சந்தையில் கிடைத்தன. இலை, உள்ளி, பால்கட்டிக்குப் பதிலாகக் கஜு முந்திரி, ஒலிவ் எண்ணெய்க்குப் பதிலாக நல்லெண்ணெய். அம்மியில் தானே அரைத்தார். இடையிடையே அம்மியைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டார். காகம் வந்து எடுத்த பிறகு எனக்கும் ஒரு பீங்கானில் போட்டுத் தந்தார். இத்தனை வருஷம் கடை கடையாகப் பிளேன்டீ குடித்தவள், அன்றைக்குத்தான் அந்தச் சாப்பாட்டை முதல் முதலாக வாயில் வைத்தேன். நல்லாக இருந்தது என்று பொய் சொல்லமாட்டேன். கடைசிவரை சாப்பிட்டேன்.

அவர் அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ர அடுப்பில வைச்சிட்டன், பிள்ளை. கேட்டவன்தான் இல்லை."

அவர் இறந்த முப்பத்தோராம் நாளுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து தங்கை வந்து எல்லாவற்றையும் முறையாகச் செய்தார். நல்ல மனுஷி, அக்காவின் முகச்சாடை. நான் மெல்லப் பக்கத்தில் போய், அக்காவுக்கு ஒரு சாப்பாடு நான் செய்து வைக்கலாமா, இலையும் உள்ளியும் அரைத்துச் செய்வது என்று கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா சுத்த சைவம், தங்கச்சி. உள்ளி வாயிலயும் வைக்கமாட்டா. உங்கட மனசு போதும்" என்றார். அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. தெரியாதவரிடம் செத்தவீட்டில் நின்றுகொண்டு எதை, எங்கிருந்து தொடங்குவது? துளசியைத் தாண்டி வரும்போது அந்தச் செடியைப் பார்த்தேன். தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் தலை தொங்கிக் கிடந்தது. ஒரு செம்பு ஊற்றிவிட்டு பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு வந்து என் அடுப்பில் செய்தேன். செய்து, எங்கள் மதிலில் ஒரு வாழையிலைத் துண்டில் வைத்தேன். என் கணவர் பார்த்தார்.  தொப்பியை எடுத்துக்கொண்டு அஸர் தொழப் போனார். காகம் வந்தது, பசித்த காகம், தின்றது. அது யோகம் அக்காவா என்று நான் கேட்கக்கூடாது, கேட்கவும் இல்லை. தாயும் மகனும் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்பதும் அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். அந்த இடத்தில் அடுப்பு ஒன்று இருந்தால் குகன் அதற்கு முன்னால் நிற்பான், டீச்சர் தள்ளி உட்கார்ந்திருப்பார். அப்படி நினைத்துக்கொள்ள எனக்கு உரிமை உண்டு, அத்தனை கடைகளில் கூட இருந்தவள் நான்.

அவருடைய சேலை, புத்தகங்கள், பிரம்பு எதுவும் என்னிடம் இல்லை. கேட்கவும் இல்லை. போன வெள்ளிக்கிழமை, புறக்கோட்டையில் கடையில் நிற்கிற என் மகன் லீவில் வந்தான். பகல் சாப்பாட்டுக்கு நான் அடுப்பு மூட்டிய நேரம் வாசலில் வந்து நின்றான். கடைப் பெடியன்களோடு தங்கியிருந்து முட்டைக் குழம்பு ஒன்று பழகியிருக்கிறானாம். "உம்மா, நீங்க இரிங்க, இன்னைக்கு நான் ஆக்கித் தாறேன்" என்றான். நான் உடனே எழுந்து அடுப்பை விட்டேன். அவன் என் சட்டிகளையெல்லாம் கரியாக்கினான். தேங்காயெண்ணெயைக் கொட்டினான். நான் வாய் திறக்கவில்லை. உப்பு வாயில் வைக்க முடியாத அளவுக்குக் கூடியிருந்தது. பாணால் பீங்கானை வழித்துத் தின்றேன். பிடித்திருந்தது.